கார்டன் முர்ரேயை ஒரு விசிறியை வைத்து எடை போடலாமா?

7 ஜூன் | வாசகர் ஒருவரின் கேள்வி

ஃபார்முலா ஒன் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் முர்ரே என்றாலே எல்லோரும் அந்த விசிறிக் காரைத்தான் சொல்கிறார்கள். அது ஓடியது ஒரே ஒரு பந்தயம். விதியில் ஓட்டை தேடியதைத் தவிர அந்த மனிதர் என்ன செய்துவிட்டார்? 1988 மெக்லாரனைக்கூட ஸ்டீவ் நிக்கல்ஸ்தான் வரைந்தார் என்கிறார்கள். அப்புறம் ஏன் இவருக்கு இவ்வளவு பெயர்?

7 ஜூன், இரவு

விசிறியை முதலில் முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் பேச்சு அதைச் சுற்றியே ஓடும்.

1978-ல் லோட்டஸ் அணியின் 79 என்ற கார் வந்து எல்லாரையும் ஓரங்கட்டியது. அதன் இரண்டு பக்கப் பெட்டிகளுக்கு அடியில் காற்று விரைந்து ஓடும் சுரங்கம் இருந்தது. அதனால் கார் தரையோடு இழுபடும். அந்தச் சுரங்கத்துக்கு எஞ்சினின் இருபுறமும் இடம் வேண்டும். லோட்டஸில் இருந்த காஸ்வொர்த் வி8 எஞ்சின் ஒல்லியானது. முர்ரேயின் பிரபாம் அணியில் இருந்ததோ ஆல்ஃபா ரோமியோவின் படுத்த நிலைப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். சுரங்கம் வர வேண்டிய இடத்தில் அதன் சிலிண்டர் ஹெட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. எஞ்சினை மாற்றும் அதிகாரம் முர்ரேக்கு இல்லை.

காற்றோட்டத்தை வைத்துக் காரை அமுக்கும் பாகம் அசையக் கூடாது என்பது விதி. எஞ்சினைக் குளிர்விக்க விசிறி வைக்கலாம். எனவே ரேடியேட்டரை எஞ்சினுக்கு மேலே படுக்க வைத்து, கியர்பாக்ஸிலிருந்து ஓடும் பெரிய விசிறியைப் பின்னால் மாட்டினார். விசிறி இழுக்கும் காற்றில் பாதிக்கு மேல் ரேடியேட்டர் வழியாகப் போனது. ஆகவே "முதன்மைப் பயன் குளிர்விப்பு" என்று வாதாட முடிந்தது. மிச்சக் காற்றைக் காருக்கு அடியிலிருந்து உறிஞ்சியது, ஓரங்களில் ஸ்கர்ட் என்ற தடுப்பு மூடியிருந்தது. கார் நின்றுகொண்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதன் உடம்பு கீழே அமுங்கும்.

1978 ஜூன் 17, சுவீடனில் ஆண்டர்ஸ்டார்ப். அணிகள் கார்களை வைத்திருக்கும் பாடக்கில் யாரும் பார்க்காமல் இருக்க விசிறிமேல் குப்பைத்தொட்டி மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். தகுதிச் சுற்றில் வேகத்தை மறைக்க டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி ஓட்டினார்கள். அப்படியும் பிரபாம் ஓட்டுநர்கள் வாட்சன் இரண்டாவது, லாடா மூன்றாவது. பந்தயத்தில் பிரோனி ஓட்டிய டிரெல் கார் எண்ணெய் கொட்டிவிட்டுப் போக, மற்றவர்கள் வழுக்கினார்கள். லாடாவின் கார் ஒட்டிக்கொண்டே போய் 34 நொடிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது. வெற்றி செல்லும் என்றே தீர்ப்பு. பிரபாமின் உரிமையாளர் பெர்னி எக்கிள்ஸ்டோன் மற்ற அணிகளோடு சேர்ந்து பெரிய பேரம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டாளிகளைப் பகைக்க முடியாமல் அவரே காரைத் திரும்பப் பெற்றார், பிறகு விசிறிக்குத் தடையும் வந்தது.

இதற்கு முன்னோடி உண்டு. 1970-ல் ஜிம் ஹாலின் சாப்பரால் 2ஜே இரண்டு விசிறியோடு அமெரிக்காவில் ஓடியது. முர்ரே விசிறியைக் கண்டுபிடிக்கவில்லை. மாற்ற முடியாத எஞ்சினுக்கு ஏற்ற விடையைக் கண்டுபிடித்தார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

8 ஜூன், காலை

வேலைக்குக் கிளம்பும் முன் சுருக்கமாக, அவர் எங்கிருந்து வந்தார் என்று.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1946-ல் பிறந்தவர். அங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். சொந்தமாக ஒரு பந்தயக் கார் கட்டி, ஃபோர்டு எஞ்சின் போட்டு, தானே ஓட்டினார். லோட்டஸில் வேலை செய்யும் ஆசையோடு 1969-ல் இங்கிலாந்து போனார். அங்கே இடம் கிடைக்கவில்லை. ரான் டாரனாக் நடத்திக்கொண்டிருந்த பிரபாமில் வரைபடக்காரராகச் சேர்ந்தார். பின்னர் எக்கிள்ஸ்டோன் அணியை வாங்கியபோது முர்ரேயை வைத்துக்கொண்டு, தலைமை வடிவமைப்பாளர் பொறுப்பையே கொடுத்தார். வயது 27-ஐத் தாண்டவில்லை.

முதல் கார் பிடி42, குறுக்கே வெட்டினால் முக்கோணம். அடுத்தது பிடி44. 1974-ல் ஓட்டுநர் ரெய்ட்டமன் அதில் மூன்று பந்தயம் வென்றார். முதல் வெற்றி முர்ரேயின் சொந்த நாட்டில், கயலாமியில்.

8 ஜூன், இரவு

"அவருடைய கார் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் எது?" என்று கேட்டவருக்கு: பிடி52. விசிறிக் காரும் இல்லை, மெக்லாரனும் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கதை 1982-ல் தொடங்குகிறது. பிரபாமில் இருந்த பிஎம்டபிள்யூவின் டர்போ எஞ்சின் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். பந்தயம் முழுக்கத் தேவையான பெட்ரோலைத் தொடக்கத்திலேயே ஏற்றினால் கார் கனக்கும், கனத்தால் டயர் சீக்கிரம் தேயும், தேயாமல் இருக்கக் கடினமான டயர் போட வேண்டும், கடினமான டயரில் பிடிப்பு குறைவு. ஒரு சங்கடம் அடுத்ததை இழுத்து வருகிறது. முர்ரே இந்தச் சங்கிலியைத் தலைகீழாகப் பிடித்தார். பாதிப் பெட்ரோலோடு, மெத்தென்ற டயரோடு கிளம்பு. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் சேரும். நடுவில் நிறுத்தி நிரப்பும் நேரத்தைவிடச் சேர்த்த நேரம் அதிகமானால் லாபம். அந்தக் காலத்தில் ஃபார்முலா ஒன்னில் பந்தய நடுவே யாரும் திட்டமிட்டுப் பெட்ரோல் நிரப்பியதில்லை. தடையும் இல்லை, வழக்கமும் இல்லை.

காகிதத்தில் இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். அதை நடத்திக் காட்ட என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். பெட்ரோல் நொடிகளில் உள்ளே போக அழுத்தத்தோடு தள்ளும் கருவி வேண்டும். காரைத் தூக்கக் காருக்குள்ளேயே காற்றழுத்த ஜாக் வேண்டும். புது டயர் குளிர்ந்திருந்தால் முதல் சுற்றில் வழுக்கி, சேர்த்ததெல்லாம் போய்விடும். அதற்காகக் கேஸ் ஹீட்டர் வைத்த பெட்டிக்குள் டயரைச் சூடேற்றினார்கள். பந்தய நடுவே கார் வந்து நிற்கும் பிட்டில் வேலை செய்யும் ஆட்கள் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் எல்லாம் தயாராக இருந்தது, இரண்டு கார்களும் பாதி தூரத்தை எட்டவே இல்லை. ஆஸ்திரியாவில் நிறுத்தம் திட்டப்படி நடந்தது. அங்கும் இரண்டும் முடிக்கவில்லை, ஆனால் கணக்கு சரி என்று தெரிந்துவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் விதியை மாற்றினார்கள். காரின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும், சுரங்கமெல்லாம் கிடையாது. முர்ரே 1983-க்கு வரைந்து வைத்திருந்த பிடி51 அப்படியே கிடப்புக்குப் போனது. மார்ச்சில் பிரேசிலில் முதல் பந்தயம். இடையில் ஏறக்குறைய மூன்று மாதம்.

அதற்குள் பிறந்ததுதான் பிடி52. காரைத் தரையோடு அமுக்கும் கீழழுத்தம் அடியில் இல்லையென்றால் பக்கப் பெட்டி எதற்கு? எடுத்துவிட்டார். ரேடியேட்டர், டர்போ என்று கனமானதையெல்லாம் பின்னால் தள்ளினார், பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்க. நடுவில் நிரப்பத்தான் போகிறோம் என்று முடிவாகிவிட்டதால் டேங்கைச் சின்னதாக்கினார். மேலிருந்து பார்த்தால் அம்பு மாதிரி இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதியாகக் கழன்று வரும், இன்னொன்றை மாட்டிவிடலாம்.

பிரேசிலில் பிரபாம் ஓட்டுநர் பிக்கே முதல் பந்தயத்திலேயே வென்றார். அக்டோபரில் கயலாமியில் பட்டமும் அவருக்கே: பிக்கே 59 புள்ளி, போட்டியாளர் பிராஸ்ட் 57. டர்போ எஞ்சினோடு வந்த முதல் ஓட்டுநர் பட்டம் அது. 1984-ல் பெட்ரோல் நிரப்புவதையே தடை செய்தார்கள்.

காரையும் பெட்ரோலையும் டயரையும் பிட்டில் நிற்கும் ஆளையும் ஒரே படத்தில் வரைந்தவர் என்றுதான் நான் இவரைப் பார்க்கிறேன். விதியில் ஓட்டை தேடியவர் என்ற பெயர் இதற்குப் பொருந்தவில்லை.

9 ஜூன்

"1981-ல் ஆறு சென்டிமீட்டர் விவகாரம் ஓட்டை இல்லாமல் வேறென்ன?" சரி, அது ஓட்டைதான். மறுக்கவில்லை.

காருக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி. அளப்பது கார் நிற்கும்போது. முர்ரே வாயுவும் திரவமும் கலந்த சஸ்பென்ஷன் வைத்தார். வேகத்தில் கீழழுத்தமே காரை அமுக்கும், சின்னத் துளை வழியாகத் திரவம் மெதுவாகத் திரும்புவதால் வளைவுக்கு வளைவு எழும்பாது. பிட்டுக்கு மெதுவாக ஓட்டி வரும்போது எழுந்து நிற்கும், அளந்தால் 6. அர்ஜென்டினாவில் பிக்கே வென்றதும் மற்ற அணிகள் ஓட்டுநர் கைக்கு ஒரு விசையைக் கொடுத்துக் காரை ஏற்றி இறக்க ஆரம்பித்தன. முர்ரேயின் ஏற்பாட்டில் ஓட்டுநர் தொடுவதற்கு எதுவும் இல்லை, எல்லாம் காற்றும் இயற்பியலும் பார்த்துக்கொண்டன. ஓட்டையிலும் தரம் உண்டு என்பது என் கட்சி.

அந்த ஆண்டுப் பட்டத்தை பிக்கே ஒரே புள்ளியில் வென்றார், 50-க்கு 49. தோற்றவர் ரெய்ட்டமன். முர்ரேக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்த அதே ரெய்ட்டமன்.

11 ஜூன், நள்ளிரவு

தோற்றுப்போன பிடி55 காரை விட்டுவிட்டு முர்ரேயைப் புகழ்வது நியாயமில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. அதைத் தொடாமல் 1988-க்கும் போக முடியாது.

1986. எண்ணம் என்னவென்றால், கார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ பின் இறக்கைக்கு அவ்வளவு சுத்தமான காற்று. எனவே பிஎம்டபிள்யூவின் நான்கு சிலிண்டர் எஞ்சினை 72 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஓட்டுநரும் கிட்டத்தட்ட படுத்தே ஓட்டினார். பார்க்க அற்புதமான கார். சாய்ந்த எஞ்சினில் எண்ணெய் சரியாக வடியவில்லை, சக்தி போனது. நினைத்த காற்றும் இறக்கைக்குக் கிடைக்கவில்லை. அணி அந்த ஆண்டு முழுக்கத் தடுமாறியது.

கல்லூரியில் மாணவர் ஃபார்முலா கார் கட்டிய குழுவில் நானும் இருந்தேன். கோவை செட்டிபாளையம் கரி ட்ராக்கில் ஓட்டுவதற்காகக் கட்டியது. முர்ரேயைப் படித்துவிட்டு ஓட்டுநரைப் படுக்க வைக்கலாம் என்று கிளம்பினோம். பிளைவுட்டில் மாதிரி இருக்கை செய்து, சாய்த்து, பெல்ட் போட்டு உட்கார வைத்தோம். எங்கள் ஓட்டுநர் குட்டை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுதான் முன்னால் பார்க்க முடிந்தது. எதிரே வைத்த ஆரஞ்சு கூம்புகளில் பாதி அவன் கண்ணுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கழுத்து நடுங்க ஆரம்பித்தது, அதுவும் கார் நகராமல் நிற்கும்போது. இருக்கையை ஒவ்வொரு துளையாக நிமிர்த்தி, அவன் "போதும்" என்ற இடத்தில் ஆணி அடித்தோம். சாய்வு ஒரு டிகிரி கூடும்போது மனித உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பிடி55 ஓட்டியவர்கள் அந்த நிலையில் மணிக்கு 300 கிலோமீட்டரில் போனார்கள்.

அவர்களில் ஒருவர் எலியோ டி ஆஞ்சலிஸ். 1986 மே மாதம் பால் ரிக்கார்ட் ட்ராக்கில் சோதனை ஓட்டத்தின்போது கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. சோதனை நாள் என்பதால் மீட்கப் போதிய ஆட்கள் இல்லை. மறுநாள் மருத்துவமனையில் இறந்தார், வயது 28. அதற்குப் பிறகுதான் சோதனை நாட்களிலும் மீட்பு ஏற்பாடு வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது. முர்ரே அந்த ஆண்டோடு பிரபாமை விட்டு வெளியேறினார். அவருடைய வரலாற்றை யார் எழுதினாலும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகக் கூடாது.

12 ஜூன்

இப்போது முதல் கேள்வியின் இரண்டாம் பாதி. 1988 மெக்லாரன் எம்பி4/4 யாருடையது?

16 பந்தயத்தில் 15 வெற்றி. சென்னா 8, பிராஸ்ட் 7. முர்ரே அப்போது மெக்லாரனின் தொழில்நுட்ப இயக்குநர். அந்தக் காரின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டீவ் நிக்கல்ஸ். பிடி55-ல் இருந்த தாழ்ந்த கார் எண்ணத்தைத் தான் கொண்டு வந்ததாக முர்ரே சொல்கிறார். முந்தைய ஆண்டின் எம்பி4/3-லிருந்து வளர்ந்த கார் இது, பிடி55-க்குச் சம்பந்தமில்லை என்கிறார் நிக்கல்ஸ். இரண்டு பேரும் பொதுவிலேயே பேசிவிட்டார்கள்.

முதலில் எனக்கு முர்ரே பக்கம்தான் சாய்வு. விதிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்த பிறகு சாய்வு குறைந்துவிட்டது. 1986-ல் ஒரு காருக்கு 195 லிட்டர் பெட்ரோல். 1988-ல் டர்போ காருக்கு 150 லிட்டர்தான். டேங்க் சுருங்கினால் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மேடு தானாகவே தாழும். ஹோண்டா வி6 படுக்க வைக்காமலே தாழ்வான எஞ்சின், அதற்காக அவர்கள் கிராங்க் ஷாஃப்டையும் இறக்கிக் கொடுத்தார்கள். யார் மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஆண்டு கார் தாழ்ந்துதான் வந்திருக்கும். ஆனால் எஞ்சினை அவ்வளவு கீழே இறக்கினால் கியர்பாக்ஸின் தண்டுகள் ஒத்துப்போகாது. மூன்று தண்டு கியர்பாக்ஸ் தேவைப்பட்டது. பிடி55-க்குக் கியர்பாக்ஸ் செய்த வைஸ்மன்தான் இதற்கும் வந்தார். அந்தப் பாலம் முர்ரே வழியாக வந்தது.

காரை வரைந்தவர் நிக்கல்ஸ் குழு, இதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. முர்ரேயின் பங்கு அந்த அலுவலகத்தை நடத்தியதிலும் கியர்பாக்ஸிலும் இருக்கிறது. நிக்கல்ஸ் பெயரைச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

12 ஜூன், சற்று நேரம் கழித்து

அந்த ஒரே தோல்வி மோன்சாவில். சென்னா முன்னணியில் இருந்தபோது ஷ்லெசர் ஓட்டிய வில்லியம்ஸ் காரோடு மோதினார். ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஃபெராரிகள் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தன.

அன்று ஊர் திரும்ப மிலான் விமான நிலையத்தில் காத்திருந்தபோதுதான் முர்ரே, மெக்லாரனை நடத்திய ரான் டென்னிஸ், மன்சூர் ஓஜே, கிரைட்டன் பிரவுன் நால்வரும் சாலைக்கு ஒரு கார் செய்யலாம் என்று பேசினார்கள். மெக்லாரன் எஃப்1 அங்கிருந்துதான் வந்தது.

14 ஜூன்

எஃப்1 பற்றி இணையத்தில் எல்லாம் இருக்கிறது, மணிக்கு 386 கிலோமீட்டரைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது எடையை.

எங்கள் குழுவில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். சேசிஸில் மாட்டப் போகும் ஒவ்வொரு பிராக்கெட்டும் முதலில் அவர் மேஜைத் தராசுக்குப் போகும். கிராம் எழுதிய நோட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் காரில் ஏறாது. நாங்கள் முணுமுணுப்போம். ஆனால் யாருமே ஒரே இடத்தில் பத்து கிலோ ஏற்றுவதில்லை. நூறு இடத்தில் நூறு கிராமாகத்தான் ஏறுகிறது. அந்த நோட்டு இல்லாவிட்டால் கார் எங்கே பருத்தது என்றே தெரிந்திருக்காது.

முர்ரே ஒரு நிறுவனத்தையே அந்த நோட்டுப்படி நடத்தினார். பிஎம்டபிள்யூவின் எஞ்சின் வடிவமைப்பாளர் பால் ரோஷேயிடம் 250 கிலோவில் 550 குதிரைசக்தி கேட்டார். பிரபாமுக்கு டர்போ செய்து கொடுத்த அதே ரோஷே. அவர் 266 கிலோவில் 627 கொடுத்தார். கூடுதல் 16 கிலோ முர்ரேக்கு உறுத்தியது. ஸ்டீரியோவை எடை குறைத்துத் தரச் சொல்லி கென்வுட்டிடம் கேட்டார், காரில் ரேடியோவே வைக்கவில்லை. காரோடு கொடுத்த கருவிகள் டைட்டானியம். மொத்தம் 1,138 கிலோ. பந்தயத்துக்கென்று செய்யாத இந்தக் காரின் பந்தய வடிவமான ஜிடிஆர் 1995-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை முதல் முயற்சியிலேயே வென்றது.

17 ஜூன்

"அப்புறம் பணக்காரர்களுக்குப் பொம்மை செய்யப் போய்விட்டார்" என்று ஒரு பதில். பாதிதான் சரி. 2020-ல் அறிமுகமான அவருடைய சாலைக் கார் டி.50: நூறே கார்கள், பின்னால் 400 மில்லிமீட்டர் விசிறி, அறிவித்த எடை 986 கிலோ. ஆமாம், பெரும் பணக்காரர்களுக்குத்தான்.

அதே மனிதர் ஆக்ஸ் என்ற சரக்கு வண்டியையும் வரைந்தார், சாலை வசதி குறைந்த நாடுகளுக்காக. பாகம் பாகமாகத் தட்டையாக அடுக்கினால் ஒரு கன்டெய்னரில் ஆறு வண்டி போகும், சேருமிடத்தில் பூட்டிக்கொள்ளலாம். ஓட்டுநர் நடுவில் உட்காருவார், எஃப்1 மாதிரியே. நடு இருக்கை இருந்தால் இடது பக்கச் சாலைக்கும் வலது பக்கச் சாலைக்கும் தனித்தனி வண்டி வேண்டாம். பின்னிருக்கையின் அடிச்சட்டத்தைக் கழற்றி, சேற்றில் சிக்கிய சக்கரத்துக்குக் கீழே பலகையாகப் போடலாம். இந்த வண்டி நிறைய ஊர்களில் ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். டி.50-ஐவிட அதைத்தான் கிட்டே நின்று பார்க்க ஆசை.

21 ஜூன்

கேள்வி கேட்ட நண்பர் 1983 கயலாமி பந்தயத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "பிக்கே தொடக்கத்திலேயே அப்படி ஓடிவிட்டாரே, பிறகு ஏன் மூன்றாவதாக முடித்தார்?" என்று கேட்கிறார்.

அதுவும் திட்டம்தான். குறைந்த பெட்ரோலோடு கிளம்பி முதலிலேயே தூர ஓடினார், பிராஸ்ட் துரத்தி வந்து எஞ்சினை வருத்த வேண்டும் என்று. பிராஸ்டின் டர்போ போனது, அவர் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு பிக்கேக்கு வெற்றி தேவையில்லை. வேகத்தைக் குறைத்து அதே அணியின் பட்ரேசேயை முன்னால் விட்டார், லாடாவாக இருந்தாலும் டி சேசரிஸாக இருந்தாலும் சண்டை போடவில்லை. பட்ரேசே வென்றார், அதுவும் பிடி52-ல்.

அந்த ஆண்டு பிஎம்டபிள்யூவின் பெட்ரோல் பற்றி எழுந்த சர்ச்சையையும் கேட்டிருக்கிறீர்கள். ஆக்டேன் அளவு விதியைத் தாண்டியது என்று எதிரணிகள் பேசின. பட்டம் பிக்கேயிடமே நின்றது. பெட்ரோல் வேதியியலுக்குத் தனி இழை திறவுங்கள், இதற்குள் அடங்காது.